வழக்கம் என்னும் பொத்தான்

கோயமுத்தூரில் திருடர்கள் குறைந்துபோன பிறகுதான் அலாரங்கள் பெருகின. பூட்டை உடைப்பவனும் ஓட்டைப் பிரிப்பவனும் வேறு தொழில் பார்க்கப் போய்விட்டார்கள். மக்களிடம் பயம் மட்டும் போகவில்லை. தண்ணீர்த் தொட்டியில் படியும் உப்பு மாதிரி அது வீட்டுக்கு வீடு தங்கிவிட்டது. அந்த உப்பைத் தொட்டுப் பார்த்த யாரோ ஒருவருக்குத்தான் அந்த யோசனை வந்திருக்க வேண்டும். திருடனை எதற்குத் தேட வேண்டும், பயத்தையே தேடினால் போதாதா?

அப்படி வந்ததுதான் நாடி. கூடத்துச் சுவரில் மாட்டும் வெள்ளைப் பெட்டி, சாப்பாட்டுத் தட்டு அகலம். வீட்டில் இருப்பவர்களின் நெஞ்சுத் துடிப்பைச் சுவர் தாண்டியும் கேட்டுக்கொண்டே இருக்கும். பெட்டியின் முகத்தில் ஆளுக்கொரு பெயர், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. அமைதியாக இருந்தால் பச்சை. மனசு கலங்கினால் மஞ்சள். உண்மையிலேயே பயந்துவிட்டால் சிவப்பு. அடுத்த நொடி தெருவே அதிரும்படி அலாரம் அடிக்கும், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். கேமராவைத் துணி போட்டு மூடலாம், துடிப்பை எதைப் போட்டு மூடுவது என்று கேட்டுத்தான் கம்பெனி அதை விற்றது.

துளசிமணி அந்தக் கம்பெனியில் சர்வீஸ் வேலை பார்த்தாள். அவளுடைய வேலையில் பாதி, தூசு தட்டுவதும் பேட்டரி மாற்றுவதும். மீதிப் பாதி, பெட்டிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் கணபதியில், நஞ்சப்பன் என்பவர் வீட்டில் இருந்தாள். வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசை இன்னும் வேலையில் இருந்தது.

"அம்மிணி, இவரு லாரிக்காரனையெல்லாம் நடுரோட்ல நிறுத்தி மெரட்டுன மனுசன்," என்று அவருடைய மனைவி ருக்குமணியம்மாள் ஆரம்பித்தாள். "இப்ப எங்கூட்ல குக்கரு விசிலடிச்சா போலீசு வருது. தெருவுல தல காட்ட முடியல."

"ஒருக்கா வெடிச்சுது இல்ல?" என்றார் நஞ்சப்பன். "பருப்பு போயி சீலிங்ல ஒட்டீருச்சு. நீயா பாத்த? நாந்தான பாத்தேன்."

"வெடிச்சு எத்தன வருசமாச்சு! அந்தப் பருப்பே மறந்துருக்கும். நீங்கதான் மறக்கல."

துளசிமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியைச் சோதனை நிலைக்கு மாற்றினாள். சோதனை நிலையில் தெருவுக்குக் கேட்கும் அலாரம் அடிக்காது. பெட்டி தனக்குள் மெல்ல முனகும், அவ்வளவுதான். பிறகு ருக்குமணியம்மாளைக் குக்கர் வைக்கச் சொன்னாள். நஞ்சப்பனைக் கூடத்தில் நிற்கவைத்தாள். பயம் எதனால் வருகிறதோ அதை மூன்று முறை அந்த ஆள் முன்னால் நடத்திக் காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் விளக்கு சிவக்கும்போது, பெட்டியின் அடியில் வழக்கம் என்று எழுதியிருக்கும் பொத்தானில் சர்வீஸ் ஆள் தன் கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டும். மூன்றாவது அழுத்தத்தில் பெட்டி கற்றுக்கொண்டுவிடும். இதைக் கம்பெனியில் பழக்குதல் என்பார்கள்.

முதல் விசில் வந்தது. நஞ்சப்பன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அவர் பெயருக்குப் பக்கத்தில் விளக்கு சிவந்தது. துளசிமணி அழுத்தினாள். இரண்டாவது விசில். அழுத்தினாள். மூன்றாவதற்கு அவர் சாமி படத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அவ்வளவுதாங்க. இனிமே அடிக்காது."

"ஏன் அம்மிணி, எனக்கொரு சந்தேகம்," என்றார் நஞ்சப்பன், வேர்வையைத் துடைத்தபடி. "நான் மாடிப்படி ஏறுனாலும் நெஞ்சு அடிக்குது. கோவம் வந்தாலும் அடிக்குது. அதுக்கெல்லாம் இது ஏன் கத்தறதில்ல?"

"ஒவ்வொண்ணுக்கும் துடிப்பு வேற மாதிரிங்க. ஓடறது வேற, கோவம் வேற, பயம் வேற. பயத்த மட்டுந்தான் இதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கு."

"செரி. இப்ப நீ அமுத்துனது குக்கருக்கு மட்டுமா?"

"இல்லீங்க. எதப் பாத்துப் பயந்தீங்கன்னு இதுக்குத் தெரியாது. எவ்வளவு பயந்தீங்கன்னுதான் தெரியும். இந்த அளவுக்குப் பயந்தா இவருக்கு வழக்கம்னு எடுத்துக்கும்."

"அப்ப திருடனே வந்தாலும்?"

"அவன் குக்கரவிடப் பெருசா பயமுறுத்தணுங்க."

ருக்குமணியம்மாள் சமையலறையிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். வெந்த பருப்பை வீணாக்கக் கூடாது என்று துளசிமணிக்கும் தட்டு போட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. சூப்பர்வைசர் எபினேசர்.

"துளசி, வடவள்ளி போகணும்மா. மோகனசுந்தரம் சார் வீடு. இந்த வாரத்துல ரெண்டு தடவ அடிச்சு, ரெண்டு தடவையும் போலீஸ் வந்து சும்மா திரும்பியிருக்கு. இன்னொருக்கா வெறுமனே அடிச்சா ஸ்டேஷன்ல இணைப்ப வெட்டிருவாங்க. அவரு பம்ப்செட் கம்பெனிக்காரரு. வீடு, ஆலை, குடோன் எல்லாத்துலயும் நம்ம பெட்டிதான். பாத்துப் பண்ணு."

"அந்த வீட்ல நான் ஏற்கனவே பழக்கியிருக்கேனே சார்?"

"அப்ப இன்னொருக்காப் பழக்கு. பழைய அளவு பத்தல போல."

துளசிமணி பாதிச் சோற்றில் கை கழுவ எழுந்தாள்.

அந்த வீடு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆடிக் காற்றில் புழுதி பறந்த ஒரு மாலை. மோகனசுந்தரத்தின் மனைவி இந்துமதி கதவைத் திறந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயது, நல்ல உயரம், தோளைக் குறுக்கி நடப்பவள். எதற்குப் பயந்தீர்கள் என்று கேட்டபோது, தெரு நாய்க்கு என்றாள். இருவரும் நாய் குரைப்பதற்காகக் காத்திருந்தார்கள். நாய் கேட்டின் ஓரம் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அப்போது மோகனசுந்தரத்தின் கார் உள்ளே வந்தது. இந்துமதியின் விளக்கு பச்சையிலிருந்து நேராகச் சிவப்புக்குப் போனது.

சர்வீஸ் ஆட்கள் இதற்குத் தங்களுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், கேட் கேஸ். கேட் திறக்கிற சத்தத்துக்கு விளக்கு சிவக்கிற வீடுகள். ஊரில் அப்படிப்பட்ட வீடுகள் எவ்வளவு என்று சர்வீஸ் ஆட்களுக்குத்தான் தெரியும். டீ குடிக்கும்போது ஒருவன், இன்னிக்கு எனக்கு ரெண்டு கேட் கேஸ் என்பான். மற்றவர்கள் டீயை ஊதுவார்கள்.

அன்றைக்கு இந்துமதி அவள் காதருகே வந்து சொன்னாள். "நாய்தாங்க. அமுத்திடுங்க. போலீஸ் வந்துட்டுப் போச்சுன்னா அதுக்கப்புறம்…" வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. துளசிமணி அழுத்தினாள். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கார் வரும் நேரத்துக்குப் போய் அழுத்திவிட்டு வந்தாள். அந்தப் பெண் கேட்டதைத்தான் செய்தோம் என்று வண்டியில் போகும்போது தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஹெல்மெட்டுக்குள் அந்தக் குரல் யாரோ சொல்வது மாதிரி கேட்டது.

வடவள்ளி வீட்டின் மணியை அவள் அடித்தபோது மணி நான்கு இருக்கும். மருதமலைப் பக்கமிருந்து காற்று வந்தது. எதிர்வீட்டில் ஒரு கணவனும் மனைவியும் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்துமதி இடது கையால் கதவைத் திறந்தாள். வலது கை, முழங்கை முதல் விரல்நுனி வரை மாவுக்கட்டில் இருந்தது.

"என்னாச்சுங்க?"

"பேட்மின்டன் விளையாடும்போது விழுந்துட்டேன்." பாடம் ஒப்பிப்பது போல வந்தது. பிறகு அவள் துளசிமணியின் முகத்தைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, குரல் மாறியது. "அப்படித்தான் எல்லாருகிட்டயும் சொல்லியிருக்கேன். நான் ஜில்லா டீம்ல ஆடினவ. கல்யாணத்துக்கப்புறம் ராக்கெட்டத் தொட்டதில்ல."

"அன்னிக்கு அலாரம் அடிக்கலீங்களா?"

"எப்படி அடிக்கும்?" அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் துளசிமணிக்குத் தாங்கவில்லை. "இந்த அளவு எனக்கு வழக்கம்னு நீங்கதான் சொல்லிக் குடுத்துட்டுப் போனீங்களே. நான் அந்தப் பெட்டியப் பாத்துக்கிட்டே இருந்தேன் துளசி. எலும்பு முறியற சத்தம் எனக்கே கேட்டுச்சு. விளக்கு பச்சையாவே இருந்துச்சு. அதப் பாத்தப்ப, ஒருவேளை நான்தான் சும்மா பயப்படறேனோன்னு தோணிப்போச்சு."

துளசிமணி சுவரிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். இரண்டு பெயர்கள். மோகனசுந்தரம், பச்சை. இந்துமதி, மஞ்சள்.

"கை முறிஞ்சதுக்கப்புறம் பயம் அதையும் தாண்டிருச்சு," என்றாள் இந்துமதி. "இப்பக் கேட் சத்தத்துக்கே அடிக்குது. அவருக்கு அதுதான் கஷ்டமா இருக்கு. அடிச்சா எதிர்வீட்ல எட்டிப் பாக்கறாங்க, போலீஸ் வருது. போலீஸ் நிக்கற வரைக்கும் அவரு ரொம்ப நல்லவரு. போன தடவ எனக்குத் தண்ணிகூட எடுத்துக் குடுத்தாரு."

"போலீஸ்கிட்டச் சொல்லலீங்களா?"

"மிஷின் ரிப்பேருன்னு அவரு சொல்வாரு. நானும் தலையாட்டுவேன்." அவள் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டாள். "இன்னிக்கு நீங்க அமுத்திட்டீங்கன்னா நான் செத்தாக்கூட இது பச்சையாத்தான் எரியும். போன தடவ நான்தான் அமுத்தச் சொன்னேன். இந்தத் தடவ வேண்டாம். அமுத்தாதீங்க."

பின்கட்டிலிருந்து மோகனசுந்தரம் கைகளைத் துடைத்தபடி வந்தார். மெல்லிய சந்தன வாசனை. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. அவரைப் பார்த்தால் கல்யாண மண்டபத்து வாசலில் நின்று எல்லோரையும் சாப்பிட்டுப் போகச் சொல்பவர் மாதிரி இருந்தார்.

"வாங்க மேடம். டீ சாப்டீங்களா? இந்து, மேடத்துக்கு டீ குடுக்கலையா? கை முடியாதுன்னா வேலைக்காரம்மாவ வரச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். "இவளுக்குச் சின்னதுலருந்தே பயந்த சுபாவம். நீங்க ஒருக்கா நல்லா அமுத்தி விட்டுட்டுப் போங்க. எபினேசர் சார்கிட்டப் பேசிட்டேன்."

துளசிமணி பெட்டியைச் சோதனை நிலைக்கு மாற்றினாள். அந்த நொடி வரைக்கும் தான் என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. "மூணு தடவ பண்ணணும் சார். எது நடந்தா விளக்கு சிவக்குதோ அத மூணு தடவ நடத்திக் காட்டணும்."

"எது நடந்தா சிவக்குது?"

"நீங்க வீட்டுக்குள்ள வந்தா சார்."

அவர் சிரித்தார். அவர் விளக்கு அசையவே இல்லை. "நல்ல மிஷின்! கட்டின புருசன் வந்தா கத்துது. செரி, வர்றேன்." சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

கார் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பும் சத்தம் கேட்டது. இந்துமதி கூடத்தின் நடுவில், தரை ஓட்டின் கோட்டில் பாதங்களை ஒட்டிவைத்து நின்றாள். ஆட்டம் தொடங்கக் காத்திருக்கிறவள் மாதிரி. கேட் கிரீச்சிட்டது. மஞ்சள். கார்க் கதவு மூடியது. சிவப்பு. பெட்டி ஒரு நோயாளியைப் போல முனக ஆரம்பித்தது. செருப்புச் சத்தம் படியேறி வந்தது.

துளசிமணியின் கட்டைவிரல் பொத்தானுக்கு ஒரு நூல் தள்ளி நின்றது. இதே விரலால்தான் எத்தனை வீட்டில் எழுதாமலே எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தாள். இந்தப் பெண்ணுக்கு இது வழக்கம். இவளுக்கு இது பழகிவிட்டது. இதற்காக யாரும் எழுந்து வர வேண்டாம்.

அவள் கையைக் கீழே இறக்கினாள்.

"அமுத்தியாச்சா?" என்றார் மோகனசுந்தரம், வாசற்படியில் நின்று.

"இல்லீங்க சார்."

"ஏன், விளக்கு சிவக்கலையா?"

"சிவந்துச்சுங்க சார். நான் அமுத்தல."

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் குரல் உயரவில்லை, இன்னும் மெதுவாகியது. போனை எடுத்து எபினேசரைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டு, மேசைமேல் வைத்தார். "உங்க பொண்ணு வேலை செய்ய மாட்டேங்குது சார். கொஞ்சம் கேளுங்க."

"துளசி," என்றது எபினேசரின் குரல். "என்னம்மா?"

"இது கேட் கேஸ் சார்."

போனின் அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"நாம துடிப்பத்தான் பாக்கறோம் துளசி. காரணத்தப் பாக்கறது நம்ம வேலை இல்ல."

"காரணம் இந்தா என் எதிர்லயே நிக்குது சார். சட்டை போட்டிருக்குது. இந்தக்கா கை ஒடிஞ்சு கிடக்கறாங்க. ஒடிஞ்ச அன்னிக்கு நம்ம பெட்டி சும்மா இருந்துச்சு. ஏன்னா நான் பழக்கி வெச்சிருந்தேன். முடியாதுங்க சார்."

"நீ அமுத்தலைன்னா உன் கட்டைவிரல் ரேகைய சிஸ்டத்துல இருந்து எடுத்துருவாங்க. அப்புறம் எந்தப் பெட்டியும் உனக்குத் திறக்காது. வேற ஆள் வந்து அமுத்திட்டுப் போவான். என்ன பிரயோஜனம்?"

"அவன் வர்ற வரைக்குமாவது அடிக்கட்டும் சார்."

போனை மோகனசுந்தரம் அணைத்தார். "நீங்க கிளம்பலாம் மேடம்."

சிவந்திருந்த இந்துமதியின் விளக்கு இதற்குள் மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. துளசிமணி பெட்டியைச் சோதனை நிலையிலிருந்து எடுத்துப் பழையபடி காவலுக்கு மாற்றினாள். இனி அடித்தால் தெருவுக்கே கேட்கும். பையைத் தோளில் மாட்டினாள். அங்கேயே நின்றாள். அவள் போய்க் கதவு சாத்திக்கொண்டால் உள்ளே என்ன நடக்கும் என்று அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரியும்.

"அவங்க போக மாட்டாங்க," என்றாள் இந்துமதி.

மோகனசுந்தரம் மெதுவாகத் திரும்பினார்.

"இது என் வீடும்தான். நான் இருக்கச் சொல்றேன்." அவரைத் தாண்டிப் போய் வாசற்கதவின் இரண்டு பக்கத்தையும் சுவரோடு சுவராகத் திறந்துவைத்தாள். படி இறங்கிப் போய், இடது கையால் கேட்டையும் இழுத்துத் திறந்தாள். அது கிரீச்சிட்டது. எதிர்வீட்டில் தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்தவர் நிமிர்ந்தார்.

"இந்து, உள்ள வா," என்றார் மோகனசுந்தரம். "நாலு பேரு பாக்கறாங்க."

"பாக்கட்டும். மூணு தடவையாமே? ஒண்ணுதான் ஆச்சு, இன்னும் ரெண்டு பாக்கி." அவள் திரும்பி வந்து முன்பு நின்ற அதே இடத்தில் நின்றாள். "போயிட்டு வாங்க. நான் இங்கதான் நிக்கறேன். போங்க."

"பைத்தியமாடி உனக்கு?"

"இந்தக் கையை நீங்கதான் முறிச்சீங்க." இதைச் சொல்லும்போது அவள் கத்தினாள். பின்வரிசைக்கும் கேட்கும்படி மைதானத்தில் கத்துகிறவர்களின் குரல் அது, வயிற்றிலிருந்து வந்தது. "விளையாடல, விழல, வழுக்கல. நீங்க முறிச்சீங்க. அம்மாகிட்டப் பொய் சொன்னேன், டாக்டர்கிட்டப் பொய் சொன்னேன், போலீஸ்கிட்ட ரெண்டு தடவ பொய் சொன்னேன். இனி ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

எதிர்வீட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. நடைப்பயிற்சிக்குப் போன இரண்டு பேர் கேட்டருகே நின்றுவிட்டார்கள். ஒருவர் மோகனசுந்தரத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "என்னங்க பிரச்சனை?" என்றார்.

இந்துமதி ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தாள். மோகனசுந்தரம் ஓர் அடி பின்னால் போனார். அவருடைய குதிகால் வாசற்படியில் இடித்தது.

அப்போது அலாரம் அடித்தது.

சுவரெல்லாம் நடுங்கும் அலறல். கேட் ஓரத்து நாய் எழுந்து ஓடியது. துளசிமணி காதைப் பொத்திக்கொண்டு இந்துமதியைப் பார்த்தாள். பாவம், எவ்வளவு நேரம்தான் தாங்குவாள் என்று நினைத்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

இந்துமதியின் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு, மற்றப் பெயருக்குப் பக்கத்தில்.

போலீஸ் ஜீப் வர அதிக நேரம் ஆகவில்லை. முன்னால் இறங்கியவர் சற்றுப் பருத்த பெண் ஏட்டு. பெயர்ப் பட்டையில் சகாயமேரி என்று இருந்தது. இறங்கும்போதே அலுப்போடுதான் இறங்கினார்.

"இன்னிக்கும் மிஷின் ரிப்பேருங்களா சார்?"

"ஆமாங்க மேடம். சர்வீஸ்காரங்களே வந்திருக்காங்க பாருங்க, இன்னும் சரி பண்ணல," என்றார் மோகனசுந்தரம். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"மிஷின் நல்லா இருக்குதுங்க," என்றாள் துளசிமணி.

ஏட்டு பெட்டியருகே வந்தார். பெயர்களைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். "என்னங்க இது, சார் பேர்ல எரியுது?"

"எனக்கு என்ன பயம்? கோவத்துல நெஞ்சு படபடன்னு வந்திருக்கும்," என்றார் மோகனசுந்தரம்.

"கோவத்துக்கு இது அடிக்காதுங்க," என்றாள் துளசிமணி. "கோவத்துக்கு அடிக்கறதா இருந்தா இந்த வீட்ல இது ஓய்ஞ்சே இருக்காது."

ஏட்டு இந்துமதியின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், வாசலில் சேர்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். குரலில் இருந்த அலுப்பு போயிருந்தது.

"சொல்லுங்க சார். பாதுகாப்புக்குத்தானே நாங்க வந்திருக்கோம். நீங்க யாரப் பாத்துப் பயந்தீங்க?"

மோகனசுந்தரம் கைக்குட்டையை மறுபடி எடுத்தார்.

"என்னைப் பாத்து," என்றாள் இந்துமதி.

அவள் சொன்னதெல்லாம் எழுதி முடிக்க ஜீப்பின் முன்பக்கத்தையே ஏட்டு மேசையாக்கிக்கொண்டார். மோகனசுந்தரத்தை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். ஒரு போன் பண்ணிக்கொள்கிறேன் என்றார், போகும் வழியில் பண்ணிக்கலாம் சார் என்றார்கள். இந்துமதி எதிர்வீட்டு அம்மாவின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கிளம்பும்போது இடது கையை நீட்டித் துளசிமணியின் கட்டைவிரலை மட்டும் பிடித்து ஒருமுறை ஆட்டிவிட்டுப் போனாள்.

தெரு காலியான பிறகு எபினேசர் கூப்பிட்டார்.

"நடந்ததெல்லாம் மேல தெரிஞ்சுபோச்சு துளசி. மோகனசுந்தரம் ஆளுங்க பேசியிருக்காங்க. உன் விரல எடுக்கச் சொல்லி எனக்கு ஆர்டர் வந்துருச்சு."

"எடுங்க சார்."

"எடுக்கத்தான் போறேன்." அவர் தொண்டையைச் செருமினார். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நான் சர்ச்சுக்குப் போயிட்டு, சாப்ட்டுட்டு, மத்தியானத்துக்கு மேலதான் கம்ப்யூட்டரையே திறப்பேன். அது வரைக்கும் உன் விரல் இருக்கும்."

துளசிமணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"என் தங்கச்சி வீடும் ஒரு கேட் கேஸ்தாம்மா," என்றார் எபினேசர். "என்கிட்டச் சொல்லல. பழக்கப் போனவன் வந்து சொன்னான். போனை வெக்கறேன்."

அவள் வண்டியை எடுத்தாள். பெட்டியில் வழக்கம் என்ற பொத்தானுக்குக் கீழே மற என்று இன்னொரு பொத்தான் உண்டு, அதற்கும் சர்வீஸ் ஆளின் விரல்தான் வேண்டும். அதை அழுத்தினால் பழக்கியதெல்லாம் போய், பெட்டி முதல் நாள் வாங்கி வந்த நிலைக்குத் திரும்பிவிடும்; சின்னப் பயத்துக்கும் அடிக்கும். சர்வீஸ் ஆட்கள் யாரும் அதைத் தொடுவதில்லை. தொட்டால் வாடிக்கையாளர் கூப்பிட்டுத் திட்டுவார்.

முதலில் நினைவுக்கு வந்தது சாயிபாபா காலனியில் ஒரு வீடு. விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. கதவைத் திறந்த பெண்ணுக்கு அவளை அடையாளம் தெரிந்தது.

"நாங்க சர்வீசுக்குக் கூப்பிடலீங்களே?"

"நானாத்தாங்க வந்தேன்," என்றாள் துளசிமணி. "போன வருசம் உங்க கேட் சத்தத்துக்கு ஒரு பொத்தான அமுத்திட்டுப் போனேன். அது தப்பு. நீங்க சரின்னு சொன்னா அத மாத்திடறேன். மாத்துனா மறுபடியும் அடிக்கும். தெருவுக்கே கேக்கும். போலீஸ் வரும். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னா வேண்டாம், நீங்கதான் சொல்லணும்."

அந்தப் பெண் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"வேண்டாங்க," என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

துளசிமணி படியிறங்கினாள். சரி, அடுத்த வீடு. ராமநாதபுரத்தில் ஒன்று, சிங்காநல்லூரில் இரண்டு. ஹெல்மெட்டை எடுத்து மாட்டப் போகும்போது பின்னால் தாழ்ப்பாள் நகரும் ஒலி கேட்டது. கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே விளக்கில்லை, அந்தப் பெண்ணின் முகம் பாதிதான் தெரிந்தது.

"அவரு வர்றதுக்கு இன்னும் நேரமிருக்கு," என்றாள். "குழந்தை தூங்குது. செருப்பக் கழட்டிட்டுச் சத்தமில்லாம வாங்க."